வரவேற்புப் புள்ளிகளும் கொசுறுக் கணக்கும்

கிரெடிட் கார்டு வாங்கினால் விமானத்தில் இலவசமாகப் பறக்கலாம் என்கிற பேச்சு எங்கள் பெரியபாளையம் வரைக்கும் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக டீக்கடையில் நிற்பார்கள். முன்பெல்லாம் ஓவர்டைம், தீபாவளி போனஸ், கிரிக்கெட் என்று பேசுவார்கள். இப்போது "இந்த கார்டுக்கு வெல்கம் பாயின்ட் எவ்வளவு, எத்தனை நாளுக்குள்ள எவ்வளவு செலவு பண்ணணும்" என்று கேட்கிறார்கள். நடைப்பயிற்சி முடித்து வரும் என்னை நிறுத்தி, போனை நீட்டி, "சார், சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்பவர்களும் உண்டு.

சின்ன எழுத்தைப் படிப்பதுதான் நான் பார்த்த உத்தியோகம். மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கோப்பும் குறிப்பும் எழுதியே ஓய்வு பெற்றவன். ஒரு விதியைப் படித்தால் அது எப்போது வந்தது, எதற்காக வந்தது, அதற்கு முன் என்ன இருந்தது என்று பின்னோக்கிப் போகிற பழக்கம் இன்னும் விடவில்லை. அப்படிப் போனதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் கடனும் கொசுறும் பழைய சங்கதிகள். மளிகைக் கடையில் ஒரு நோட்டு இருக்கும். மாதம் முழுவதும் வாங்கியதை அதில் குறித்து வைத்து, சம்பளம் வந்ததும் அடைப்போம். அடைக்கிற அன்றைக்கு அண்ணாச்சி பிள்ளைகள் கையில் கொஞ்சம் பொட்டுக்கடலையோ வெல்லமோ வைப்பார். காய்கறி வாங்கினால் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கொசுறு. அந்தக் கொசுறு யார் கையிலிருந்து வருகிறது, எவ்வளவு பெறும் என்பதெல்லாம் வாங்குகிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் நன்றாகவே தெரியும். கார்டுக் கொசுறில் இந்த இரண்டும் மறைந்துவிட்டன. எப்படி மறைந்தன என்பதுதான் இதன் வரலாறு.

இன்று நாம் பார்க்கிற கார்டின் முன்னோடி 1950-ல் நியூயார்க்கில் பிறந்த டைனர்ஸ் கிளப். ஃபிராங்க் மெக்னமாரா என்ற வணிகர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் பர்ஸைக் காணோமாம். அதிலிருந்து வந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. அதை விளம்பரக்காரர்கள் ஜோடித்ததாகவும் சொல்வார்கள். கதை எப்படியோ, முதல் கார்டு வெறும் அட்டையில் அச்சடித்தது. அதைக் காட்டிச் சாப்பிடலாம், மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம் கட்ட வேண்டும். உறுப்பினர் கட்டணத்தை வாடிக்கையாளர் கொடுத்தார். ஓட்டல்காரரோ தன் பில் தொகையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். அந்த இரண்டாவது ஏற்பாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

அப்போது சேருகிறவருக்குப் பரிசு எதுவும் கிடையாது. சேர்த்துக்கொண்டதே பரிசு. 1961-ல் டைனர்ஸ் கிளப் இந்தியாவுக்கு வந்தபோதும் அப்படித்தான். பெரிய கம்பெனி அதிகாரிகளும் வெளிநாடு போய்வருகிற வியாபாரிகளும் வைத்திருந்தார்கள். எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு அலுவலகக் கூட்டுறவு நாணயச் சங்கம்தான் வங்கி. இரண்டு சக ஊழியர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் கடன். இலவசப் பயணம் என்றால் எல்.டி.சி. ஒன்றுதான். சொந்த ஊருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய்வர நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. அதுவும் ரயிலில். டிக்கெட் நம்பரை எழுதி, பில் போட்டு, தணிக்கைக் கேள்விக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் பயணத்தின் களைப்பே தேவலாம் என்று தோன்றும்.

கார்டைத் தேடிப் போய் வாங்கிய காலத்திலிருந்து, கார்டு நம்மைத் தேடி வருகிற காலத்துக்கு எப்படி வந்தோம்? அதற்கு 1958 செப்டம்பருக்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்ற ஊரில் சுமார் 60,000 பேருக்கு பேங்க் ஆஃப் அமெரிக்கா தபாலில் கார்டு அனுப்பியது. யாரும் கேட்கவில்லை, யாரும் மனுப் போடவில்லை. ஒரு நாள் காலையில் ஊர் முழுவதும் கார்டு. கடைக்காரர் கார்டை ஏற்க வேண்டுமானால் ஊரில் நிறையப் பேரிடம் கார்டு இருக்க வேண்டும். ஊரார் கார்டு வாங்க வேண்டுமானால் கடைகளில் அது செல்ல வேண்டும். இந்தச் சிக்கலை ஒரே அடியில் அவிழ்க்க வங்கி கண்ட வழி அது. மோசடியும் வராக்கடனும் பெருகி ஆரம்பத்தில் வங்கி நிறைய இழந்தது. ஆனாலும் வழக்கம் பரவியது. கேட்காமல் கார்டு அனுப்புவதை 1970-ல் அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது. அந்த பேங்க் அமெரிகார்டுதான் 1976-ல் விசா என்று பெயர் மாறி இன்று நம் பையில் இருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இங்கே பிரான்சையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே 1967-ல் ஆறு வங்கிகள் சேர்ந்து 'கார்த் பிளே' என்ற நீலக் கார்டைக் கொண்டுவந்தன. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிஸ் பக்கம் போய்விட்ட என் பெரியப்பா மகன், விடுமுறைக்கு வந்தபோது அதை எங்களுக்குக் காட்டினார். 1974-ல் ரோலான் மொரேனோ என்ற பிரெஞ்சுக்காரர் கார்டுக்குள் சிப் வைக்கும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்தச் சிப்புக்கு பிரெஞ்சில் 'புயிஸ்' என்று பெயர். அதற்குத் தெள்ளுப்பூச்சி என்று பொருள். நம் ரிசர்வ் வங்கி, வெறும் காந்தப் பட்டை உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் சிப் கார்டுகளாக மாற்றச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். தெள்ளுப்பூச்சி பெரியபாளையம் வந்து சேர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

பிரெஞ்சில் இன்னொரு சொல்லும் எனக்குச் சிரிப்பு மூட்டும். புள்ளி சேர்க்கும் திட்டத்துக்கு அங்கே 'ஃபிதெலித்தே' திட்டம் என்று பெயர். ஃபிதெலித்தே என்றால் விசுவாசம். கணவன் மனைவிக்குள் இருக்க வேண்டியது, நாய் எஜமானனிடம் காட்டுவது. அதைக் கடைக்காரனுக்குக் காட்டச் சொல்கிறார்கள்.

இந்த விசுவாசத்துக்கு விமான நிறுவனங்கள் போட்ட விலைதான் மைல். அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. போட்டி முற்றியது. 1981 மே 1-ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. பறந்த தூரத்தைக் கணக்கில் வரவு வைத்து, போதுமான அளவு சேர்ந்தால் ஒரு டிக்கெட் கொடுத்தார்கள். சில நாட்களுக்குள் யுனைடெட் நிறுவனமும் தன் திட்டத்தை அறிவித்தது. விமானத்தில் எப்படியும் சில இருக்கைகள் காலியாகத்தான் போகின்றன. அதைக் கொடுப்பதில் பெரிய நஷ்டமில்லை. அதுவரைக்கும் இது மளிகைக் கடைக் கொசுறு மாதிரிதான்: விற்பவர் தன் சரக்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

1987-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சிட்டி வங்கியும் சேர்ந்து ஒரு கார்டு வெளியிட்டபோது எல்லாம் மாறிற்று. இனி மைல் சம்பாதிக்க விமானம் ஏற வேண்டியதில்லை. மளிகை வாங்கினாலும் மைல், பெட்ரோல் போட்டாலும் மைல். அந்த மைலை விமான நிறுவனம் வங்கிக்கு விற்கிறது. வங்கி காசு கொடுத்து மொத்தமாக வாங்கி, நமக்குச் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கிறது. விமான நிறுவனங்களுக்கு இதுவே பெரிய வியாபாரமாகிவிட்டது. கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது, 2020-ல் யுனைடெட் தன் மைலேஜ் திட்டத்தை ஈடு காட்டி 680 கோடி டாலர் திரட்டியது. அடுத்த ஆண்டு அமெரிக்கன் நிறுவனம் இதே வழியில் 1,000 கோடி டாலர் திரட்டியது. பறக்காத விமானத்தை நம்பிக் கடன் கொடுக்கத் தயங்குகிறவர்கள், வங்கிகள் மைல் வாங்குவதை நிறுத்தமாட்டார்கள் என்று நம்பினார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்திய வங்கிகளில் முதலில் கிரெடிட் கார்டு கொடுத்தது சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா. ஆண்டு 1980, பெயர் சென்ட்ரல்கார்டு. ஆந்திரா வங்கி, கனரா வங்கி, பேங்க் ஆஃப் பரோடா எல்லாம் பின்னே வந்தன. இவையும் ஆள் பார்த்துக் கொடுக்கப்பட்டவைதான். 1990-களில் சிட்டி வங்கி போன்ற வெளிநாட்டு வங்கிகள் நடுத்தர வர்க்கத்தைத் தேடி இறங்கின. 1998-ல் ஸ்டேட் வங்கி, ஜி.இ. கேப்பிடலுடன் சேர்ந்து எஸ்.பி.ஐ. கார்டைத் தொடங்கியது. 2000-ஐ ஒட்டி ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியும் எச்.டி.எஃப்.சி. வங்கியும் வந்தன. அதே காலத்தில் ஏர் இந்தியாவின் ஃபிளையிங் ரிட்டர்ன்ஸும் ஜெட் ஏர்வேஸின் ஜெட் பிரிவிலேஜும் மைல் கொடுத்துக்கொண்டிருந்தன. இரண்டும் சந்திக்க நேரமாகவில்லை. விமான நிறுவனத்தின் பெயரும் வங்கியின் பெயரும் ஒரே கார்டில் அச்சாகின.

எங்கள் அலுவலக வாசலில் கழுத்துப்பட்டை கட்டிய பிள்ளைகள் விண்ணப்பப் படிவத்தோடு நிற்க ஆரம்பித்தது அப்போதுதான். "லைஃப்டைம் ஃப்ரீ சார்" என்பார்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு தோள்பை கொடுப்பார்கள். வரவேற்புப் பரிசின் முதல் அவதாரத்தை நான் கண்ணால் பார்த்தது அந்தப் பைதான். எங்கள் பிரிவிலேயே நாலு பேர் ஒரே மாதிரிப் பையில் சாப்பாடு கொண்டுவந்தார்கள்.

ஃபிரெஸ்னோவில் நடந்ததும் இங்கே நடந்தது. ஒரு வங்கியிலிருந்து, பெயர் வேண்டாம், நான் கேட்காமலே ஒரு கார்டு தபாலில் வந்தது. நான் உறையைப் பிரித்ததோடு சரி. ஆண்டு முடிந்ததும் ஆண்டுக் கட்டணம் என்று பில் வந்தது. கட்டவில்லை என்று தாமதக் கட்டணம், அதற்கு வட்டி. நான் தேதி வாரியாக, இணைப்பு எண் போட்டு, பதிவுத் தபாலில் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பிறகு கணக்கை மூடியதாகப் பதில் வந்தது. கடிதம் எழுதுவது எனக்குக் கைவந்த தொழில், தப்பித்தேன். எழுதத் தெரியாத எத்தனையோ பேர் கட்டியிருப்பார்கள். கேட்காமல் கார்டு கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லியது. 2022 ஏப்ரலில் வெளியிட்டு அந்த ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளில் இன்னும் அழுத்தமாகச் சொன்னது: கேட்காமல் கொடுத்த கார்டுக்குக் கட்டணம் வசூலித்தால், அதைத் திருப்புவதோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் வங்கி கொடுக்க வேண்டும். கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், பாக்கி இல்லாத பட்சத்தில், நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

இனி கொசுறின் அளவுக்கு வருவோம். பல ஆண்டுகள் பேர் வாங்கியிருந்த சிட்டி பிரீமியர்மைல்ஸ் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாயாக இருந்தது. சேர்ந்து 60 நாளுக்குள் 1,000 ரூபாய்க்கு ஒரு முறை செலவு செய்தால் 10,000 மைல் கொடுத்தார்கள். பத்தாயிரம் என்றதும் கண் விரியும். ஆனால் அந்த மைலை விமான டிக்கெட்டுக்குக் கொடுத்தபோது ஒரு மைல் 45 காசாகத்தான் இருந்தது. ஆக 10,000 மைல் என்பது 4,500 ரூபாய். கட்டணம் 3,000, அதற்கு ஜி.எஸ்.டி. 540. நிகரக் கொசுறு 960 ரூபாய். மோசமில்லை, ஆனால் பத்தாயிரம் என்று காதில் விழுந்ததற்கும் கையில் நின்றதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

ஆக்சிஸ் வங்கியின் விஸ்தாரா கார்டுகளில் சேர்ந்தால் நேரடியாக டிக்கெட் வவுச்சரே கிடைத்தது. கார்டின் தரத்தைப் பொறுத்து எகானமி, பிரீமியம் எகானமி, பிசினஸ் வகுப்பு. அடிப்படைக் கட்டணம்தான் இலவசம். வரிகளை நாம் கட்ட வேண்டியிருந்தது. வருகிற தேதிக்கு இருக்கையும் கிடைக்க வேண்டும். ஏற்கெனவே பயணம் போக இருந்தவருக்கு அது நல்ல லாபம். வவுச்சர் வீணாகிறதே என்று பயணத்தைத் தேடியவருக்கு ஓட்டல் செலவு, டாக்சி செலவு எல்லாம் அதன் தலையில் ஏறின.

இதில் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். 1999-ல் கலிஃபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியாளர், ஒரு உணவு நிறுவனம் தன் பொருளோடு மைல் கொடுப்பதைப் படித்தார். இருப்பதிலேயே மலிவான புட்டிங் கோப்பைகளை 12,000-க்கு மேல் வாங்கினார். செலவு சுமார் 3,000 டாலர். கிடைத்தது 12 லட்சத்துக்கும் மேலான மைல். புட்டிங்கைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்; பார்கோடைக் கிழித்துக் கொடுத்தது அங்கிருந்த தொண்டர்கள். இன்னொரு வேடிக்கை. அமெரிக்க நாணயச்சாலை, ஒரு டாலர் நாணயத்தைப் புழக்கத்தில் விட, முக மதிப்புக்கே, தபால் செலவில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. ஒரு கூட்டம் கார்டில் நாணயம் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே வங்கியில் கட்டி, அந்தப் பணத்தில் கார்டு பில்லை அடைத்தது. மைல் மட்டும் மிச்சம். விழித்துக்கொண்ட நாணயச்சாலை 2011-ல் கார்டில் விற்பதை நிறுத்தியது. நம் நாட்டில் இதே வேலையை வீட்டு வாடகை என்ற பெயரில் செய்தார்கள். அண்ணன் தம்பிக்கு வாடகை கட்டுவதாகக் கார்டில் அனுப்பி, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2022 அக்டோபரில் வாடகைக்கு ஒரு சதவீதக் கட்டணம் போட்டது. மற்ற வங்கிகளும் தொடர்ந்தன. சட்டத்தில் சந்து கண்டுபிடிப்பவனையும், சந்தை அடைப்பவனையும் அலுவலகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் பார்த்தவன் நான். சந்து அடைபடுகிற நாளில் உள்ளே மாட்டிக்கொள்கிறவன் எப்போதும் கடைசியாக வந்தவன்தான்.

அப்படியானால் சேர்த்த மைல் எவ்வளவு நாள் தாங்கும்? கிங்ஃபிஷர் விமானங்கள் 2012 அக்டோபரில் நின்றன. கிங் கிளப் மைல் சேர்த்தவர்கள் கணக்கில் எண் இருந்தது, ஏறுவதற்கு விமானம் இல்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசியாகப் பறந்தது. அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பிழைத்து, அந்த ஆண்டு நவம்பரில் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ஆம் தேதி ஏர் இந்தியாவோடு இணைந்தது; அதன் புள்ளிகள் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்புக்குப் போயின. சிட்டி வங்கியே இந்தியாவில் தன் கார்டு வியாபாரத்தை ஆக்சிஸ் வங்கிக்கு விற்றது. 2023 மார்ச் 1-ஆம் தேதி கைமாறியது, மறு ஆண்டு ஜூலையில் கார்டுகளும் மாறின. எதுவும் மூடாமல் இருந்தாலும் மதிப்பு குறையலாம். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில், மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 புள்ளி கிடைத்துக்கொண்டிருந்தது; 2023 செப்டம்பரிலிருந்து அது கிடையாது. ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்தோடு ஒரு வாக்குறுதி இருக்கிறது. மைலில் இருப்பது, "விதிகள் மாற்றப்படலாம்" என்கிற சின்ன எழுத்து.

இப்போது அந்தப் பழைய ஓட்டல்காரருக்கு வருகிறேன். கொசுறை யார் கொடுக்கிறார்கள்? முதலில் கடைக்காரர். கார்டில் 100 ரூபாய்க்கு விற்றால் ஏறத்தாழ 2 ரூபாய் கட்டணமாகக் கழிந்து, கார்டு கொடுத்த வங்கிக்கும் மற்றவர்களுக்கும் பிரிகிறது. கடைக்காரர் அதை விலையில் சேர்த்துத்தானே விற்பார்? அப்படிச் சேர்ந்த விலையைக் கார்டு இல்லாத மனிதரும் கொடுக்கிறார். எங்கள் ஊரில் ஆடி மாதம் பவானி அம்மன் கோவிலுக்கு வருகிற கூட்டத்துக்கு வேப்பிலையும் பூவும் விற்கிறவர்கள் யு.பி.ஐ. அட்டையை மாட்டியிருக்கிறார்கள், கார்டு தேய்க்கிற மெஷின் வைத்திருப்பதில்லை. காரணம் இதுதான். யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகரிடம் கட்டணம் கிடையாது. 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டையும் யு.பி.ஐ.யில் இணைக்கலாம், சிறு வணிகரிடம் 2,000 ரூபாய் வரை அதற்கும் கட்டணமில்லை.

கொசுறுக்குப் பெரிய பங்கு கொடுக்கிற இரண்டாமவர், பாக்கியை முழுக்க அடைக்காதவர். எங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளை. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டு மாதத்துக்குள் இவ்வளவு செலவு செய்தால் 2,000 ரூபாய் பயண வவுச்சர் என்று ஒரு கார்டு எடுத்தார். அந்தச் செலவை எட்டுவதற்காக ஒரு போன் வாங்கினார். பாக்கி 40,000 ரூபாய். பில்லில் மினிமம் டியூ 2,000 என்று இருந்தது. அதைக் கட்டினால் போதும் என்று மாதாமாதம் கட்டினார். ஆறு மாதம் கழித்து, பாக்கி குறையவே இல்லையே என்று பில்லை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.

மாத வட்டி 3.5 சதவீதம். 40,000-க்கு 1,400 ரூபாய். வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 252 ரூபாய். ஆக 1,652. அவர் கட்டிய 2,000-ல் அசலுக்குப் போனது 348 ரூபாய். அதோடு, பழைய பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். அவர் மாதாமாதம் மளிகையும் அதே கார்டில் வாங்கியிருந்தார். வவுச்சர் 2,000 ரூபாய். அதை ஈடுகட்ட இரண்டு மாத வட்டி போதும். மீதி நாலு மாதம் அவர் கட்டியது யாரோ ஒருவர் டெல்லிக்குப் பறக்கிற டிக்கெட்டுக்கு. பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாயின்ட் எல்லாம் அவங்க பணம்னு நினைச்சேன் சார்" என்றார். அவருடைய அத்தையிடம் இரண்டு பவுன் இருந்தது. அதை வங்கியில் அடகு வைத்துக் கார்டை அடைத்தோம். நகைக் கடன் வட்டி கார்டு வட்டியில் கால் பங்குதான். அடுத்த தையில் நகையைத் திருப்பிவிட்டார்.

மாதம் 3.5 என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். இது நியாயமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஒரு தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. தீர்ப்புக்கு இடைக்காலத் தடை வந்து, வழக்கு பதினாறு ஆண்டு நடந்தது. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி வரம்பு ரிசர்வ் வங்கியின் வேலை, ஆணையத்தின் வேலை இல்லை என்றது. ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையைப் பில்லில் அச்சிடச் சொல்லியிருக்கிறது. எச்சரிக்கை இருக்கிறது. அது எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள்.

2024 தொடக்கத்தில் நம் நாட்டில் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது. கார்டு கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. மாதாமாதம் முழுப் பாக்கியையும் அடைத்து, ஆண்டுக் கட்டணத்தைவிட அதிகமாகக் கொசுறு வாங்கி, வெளியூர்ப் பிள்ளைகளைப் பார்க்கப் பறந்துபோகிற ஓய்வூதியர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் பழைய தணிக்கை அதிகாரி. புள்ளிக்கென்று தனி ரிஜிஸ்டரே வைத்திருக்கிறார். அவருக்கு அது லாபம்தான்.

டீக்கடையில் போனை நீட்டுகிற பிள்ளைகளிடம் நான் ஐந்து கேள்வி கேட்கிறேன். ஆண்டுக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து எவ்வளவு? ஒரு புள்ளிக்கு எத்தனை காசு, எதற்குக் கொடுத்தால்? சொன்ன செலவை, இந்த கார்டு இல்லாவிட்டாலும் நீ செய்திருப்பாயா? போக வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறதா, தேதி இருக்கிறதா? பில் வருகிற அன்று முழுத் தொகையும் உன் கணக்கில் இருக்குமா? ஐந்துக்கும் பதில் இருந்தால், தாராளமாக வாங்கிக்கொள் தம்பி என்பேன். கடைசிக் கேள்விக்குத் தயங்கினால், மற்ற நாலுக்கும் என்ன பதில் வந்தாலும் வேண்டாம் என்பேன்.

போன வாரம் ஒரு பிள்ளை ஐந்துக்கும் சரியாகப் பதில் சொன்னான். கல்யாணமான அக்கா புனேயில் இருக்கிறாளாம், பிரசவத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போக வேண்டுமாம். அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுத்தேன்.